வால்வு ரேடியோவின் பவர் சப்ளை: அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடித்து மாற்றுவது

வால்வு ரேடியோவில் ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் வால்வு எரிந்துவிட்டால், அதைக் கழற்றிப் புதியதைச் செருகி உடனே சுவிட்சைப் போடுவது பலரும் செய்வது. சில நிமிடங்களில் புதிய வால்வும் போய்விடும். ரெக்டிஃபையர் தானாகச் சாவது குறைவு. அதற்கு அடுத்து நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் லீக் ஆகியிருக்கும். அல்லது இன்னும் தள்ளி, அவுட்புட் வால்வின் கிரிட்டில் இருக்கும் சின்னஞ்சிறு பேப்பர் கண்டன்சர் கோளாறு செய்திருக்கும். அதனால் இங்கே எல்லாமே அறிகுறியில் தொடங்கும், பிறகு அளவு எடுப்போம், காரணம் தெரிந்த பிறகே பாகத்தை மாற்றுவோம்.

எல்லாக் கண்டன்சரையும் ஒரே மூச்சில் பிடுங்கி மாற்றுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பத்துப் பதினைந்து இணைப்புகளைக் கழற்றி மாட்டியபின் ரேடியோ பேசவில்லை என்றால், அது பழைய பழுதா, புதிதாகச் செய்த வயரிங் தவறா என்று பிரித்தறிய வழியே இருக்காது. ஒரு பாகம் மாற்றியதும் ஒரு சோதனை என்று போவதுதான் கடைசியில் நேரத்தை மிச்சப்படுத்தும்.

கை வைப்பதற்கு முன்

முதலில் ரேடியோ எந்த வகை என்று பாருங்கள். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டில் சேஸிஸ் மெயின்ஸிலிருந்து பிரிந்திருக்கும். ஏசி/டிசி செட்டில் மெயின்ஸின் ஒரு கம்பி நேரடியாகச் சேஸிஸில் இருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸ் முழுவதும் மெயின்ஸ் வோல்டேஜ். வால்வு எண்களே இதைச் சொல்லிவிடும்: யூசிஎச்81, யூபிஎஃப்89, யூசிஎல்82, யூஒய்85 போல 'யூ'வில் தொடங்கினாலோ, 12, 35, 50 என்று தொடங்கும் வால்வுகள் வரிசையாக நின்றாலோ அது சீரிஸ் ஹீட்டர் செட், அதாவது எல்லா வால்வின் ஹீட்டரும் ஒன்றோடொன்று தொடரில் இணைந்த செட். சில செட்டுகளில் இரும்புத் தகடுகளோடு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தெரியும், ஆனால் அது ஒரே சுற்றிலிருந்து முனைகள் எடுத்த ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மராக இருக்கும். அதிலும் சேஸிஸ் உயிரோடுதான் இருக்கும். பிளக்கின் இரு முனைகளுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஓம் அளவு எடுத்துப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

சேஸிஸில் மெயின்ஸ் உள்ள செட்டை ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் திறந்து வைத்து வேலை செய்யாதீர்கள். வேரியாக் வோல்டேஜைக் குறைக்கும், மெயின்ஸிலிருந்து பிரிக்காது. இரண்டும் ஒன்றென்று நினைப்பது ஆபத்து.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் எலக்ட்ரோலிட்டிக்கில் 300 வோல்ட் தங்கியிருக்கலாம். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் இன்சுலேஷன் உள்ள கிளிப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்டன்சரின் குறுக்கே ஐந்து விநாடி வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும். இறங்கியதா என்று மீட்டரில் பார்த்த பிறகே விரல் உள்ளே போகலாம். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து தீப்பொறி பார்ப்பது கண்டன்சரின் உள் இணைப்பையும் சேஸிஸ் ஈயத்தையும் கெடுக்கும்.

அடுத்தது சீரிஸ் பல்பு. 60 அல்லது 100 வாட் இழை பல்பு ஒன்றை ரேடியோவோடு தொடரில் இணையுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. நல்ல நிலையில் உள்ள செட்டில் பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கிவிடும்.

மின்சாரம் கொடுக்கும் முன் இரண்டு அளவுகள். பிளக் முனைகளில், சுவிட்ச் போட்ட நிலையில்: டிரான்ஸ்ஃபார்மர் செட் என்றால் சில பத்து ஓம், சீரிஸ் செட் என்றால் சில நூறு முதல் ஆயிரம் ஓம் வரை காட்ட வேண்டும். அடுத்து, எச்டி (ரெக்டிஃபையர் தரும் உயர் டிசி வோல்டேஜ்) பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையே: மீட்டரின் சிவப்பு முனையை எச்டி பிளஸில் வையுங்கள்; கண்டன்சர் சார்ஜ் ஆக ஆக அளவு ஏறிக்கொண்டே போய் 50 கிலோஓமுக்கு மேல் நிற்க வேண்டும். சர்க்யூட்டில் வோல்டேஜ் டிவைடர் இருந்தால் இதைவிடக் குறைவாக நிற்கலாம், வரைபடத்தைப் பாருங்கள். டிவைடர் எதுவும் இல்லாமல் 10 கிலோஓமுக்குக் கீழே நின்றால் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

சீரிஸ் பல்பு மங்காமல் முழு வெளிச்சத்தில் எரிகிறது, அல்லது ஃபியூஸ் போகிறது

டிரான்ஸ்ஃபார்மர் செட்டில் ரெக்டிஃபையர் வால்வைக் கழற்றிவிட்டு, அது இல்லாமல் மீண்டும் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். பல்பு மங்கினால் பழுது எச்டி பக்கம்: ஷார்ட்டான எலக்ட்ரோலிட்டிக், அல்லது ரெக்டிஃபையருக்குள்ளேயே ஷார்ட். வால்வு இல்லாமலும் வெளிச்சம் குறையவில்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மரைக் குற்றம் சொல்ல அவசரப்பட வேண்டாம். சில செட்டுகளில் எச்டி சுற்றின் இரு முனைகளிலிருந்தும் சேஸிஸுக்கு 0.01 மைக்ரோஃபாரட் அளவில் பஃபர் கண்டன்சர்கள் போட்டிருப்பார்கள். அவை ஷார்ட்டானால் ரெக்டிஃபையர் இல்லாமலேயே டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும். இவற்றின் ஒரு காலைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். அதன்பின் டயல் விளக்கின் ஹோல்டர், ஹீட்டர் வயர்களின் உதிர்ந்த ரப்பர் உறை ஆகியவற்றைப் பாருங்கள்.

இவை எல்லாம் சரி என்றால் செகண்டரி கம்பிகள் அனைத்தையும் குறித்து வைத்துக்கொண்டு கழற்றுங்கள். எதுவும் இணைக்காத டிரான்ஸ்ஃபார்மரும் பல்பை எரியவைத்தால் சுற்றுக்குள் ஷார்ட். அதை மறுபடி சுற்றுவதோ மாற்றுவதோதான் வழி. எச்டி சுற்றின் இரண்டு பாதிகளின் ஓம் அளவு சமமாக இல்லை என்பதற்காக மட்டும் டிரான்ஸ்ஃபார்மரைக் கழித்துவிடாதீர்கள். வெளிப்புறம் சுற்றிய பாதிக்குக் கம்பி நீளம் அதிகம், அதனால் ஓம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஏசி வோல்டேஜ் இரண்டிலும் சமமாக வர வேண்டும், அதுதான் முக்கியம்.

சீரிஸ் ஹீட்டர் செட்டில் ரெக்டிஃபையரைக் கழற்றினால் ஹீட்டர் வரிசையே அறுந்துவிடும்; பல்பு அணைவதால் எதுவும் நிரூபணம் ஆகாது. அங்கே ரெக்டிஃபையரின் பிளேட்டுக்கு வரும் கம்பியை மட்டும் கழற்றிச் சோதியுங்கள்.

ரெக்டிஃபையரின் பிளேட் சிவக்கிறது, உள்ளே பொறி பறக்கிறது

உடனே அணைக்க வேண்டும். இன்னொரு முறை பார்க்கலாம் என்று போடக் கூடாது. ரெக்டிஃபையரை அடுத்து நிற்கும் முதல் எலக்ட்ரோலிட்டிக்கைக் கழற்றி எச்டி ஓம் அளவை மறுபடி எடுங்கள். அளவு ஏறினால் குற்றவாளி அதுதான். ஏறவில்லை என்றால், இரண்டு எலக்ட்ரோலிட்டிக்குகளுக்கும் நடுவே உள்ள சோக் (ஃபில்டர் காயில்) அல்லது ஃபில்டர் ரெசிஸ்டருக்கு அப்பால் தேடுங்கள்: இரண்டாவது எலக்ட்ரோலிட்டிக், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியிலிருந்து சேஸிஸுக்கு லீக், அவுட்புட் வால்வின் பிளேட்டில் டோனுக்காகப் போட்ட கண்டன்சர்.

பொறி மட்டும் பறந்து, சிவப்பு இல்லை என்றால், முன்பு யாரோ முதல் கண்டன்சரை அளவுக்கு மீறிப் பெரிதாகப் போட்டிருக்கலாம். ஒவ்வொரு ரெக்டிஃபையருக்கும் முதல் கண்டன்சருக்கு ஒரு வரம்பு உண்டு. 5ஒய்3க்கு 20 மைக்ரோஃபாரட், 35டபிள்யூ4க்கு 40, ஈஇசட்80க்கும் ஈஇசட்81க்கும் 50, யூஒய்85க்கு 100. 6எக்ஸ்4இன் வழக்கமான இயக்க அளவு 10 மைக்ரோஃபாரட்தான். அதைக் கூட்டினால் பிளேட் பக்கம் ரெசிஸ்டன்ஸையும் கூட்ட வேண்டியிருக்கும். கண்டன்சர் பெரிதானால் ஒவ்வொரு அலை உச்சியிலும் குறுகிய நேரத்துக்குப் பெரிய கரண்ட் பாயும். கேத்தோடின் பூச்சு அந்த உச்சக் கரண்டைத் தாங்காமல் உதிரும். ஹம் குறைய வேண்டும் என்றால் முதல் கண்டன்சரை விட்டுவிட்டு இரண்டாவதைக் கூட்டுங்கள்.

ஹம் சத்தம்

இந்த அறிகுறியில்தான் பாகங்கள் மிக அதிகமாக வீணாக மாற்றப்படுகின்றன. எங்கே என்று முதலில் பிரியுங்கள்.

வால்யூமை முழுவதும் குறையுங்கள். ஹம் மாறாமல் அப்படியே இருந்தால் பவர் சப்ளையோ அவுட்புட் பகுதியோதான். வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னால் நுழைகிறது. ஸ்டேஷன் பிடிக்கும்போது மட்டும் வந்து, இடையில் மறைந்தால் அது ஃபில்டர் கண்டன்சர் பிரச்சினையே இல்லை. மெயின்ஸ் கம்பியில் அல்லது ரெக்டிஃபையரின் குறுக்கே உள்ள சிறிய பைபாஸ் கண்டன்சர் ஓப்பன் ஆகியிருக்கும். எவ்வளவு பெரிய எலக்ட்ரோலிட்டிக் போட்டாலும் இந்த ஹம் போகாது.

அடுத்து, ஹம்மின் சுருதி. 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் முழு அலை ரெக்டிஃபையர் 100 ஹெர்ட்ஸ் ஹம் தரும், அரை அலை 50 ஹெர்ட்ஸ் தரும் (60 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் 120, 60). முழு அலை செட்டில் ஆழமான 50 ஹெர்ட்ஸ் கேட்டால் ரெக்டிஃபையரின் ஒரு பாதி வேலை செய்யவில்லை, அல்லது ஏதோ ஒரு வால்வில் ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் இடையே லீக். இரண்டு பிளேட்டிலும் ஏசி அளந்தால் முதலாவது தெரிந்துவிடும்.

இப்போது ரிப்பிளை, அதாவது டிசியின் மேல் மீந்திருக்கும் ஏசியை, அளக்கலாம். மீட்டரை ஏசியில் வைத்து, அதன் முனையில் 0.1 மைக்ரோஃபாரட் 630 வோல்ட் ஃபிலிம் கண்டன்சரைத் தொடரில் போட்டு அளங்கள். இல்லாவிட்டால் சில மீட்டர்கள் டிசியையும் சேர்த்துத் தப்புக் கணக்குக் காட்டும். 70 மில்லிஆம்பியர் லோடு, 50 மைக்ரோஃபாரட் முதல் கண்டன்சர், 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் முழு அலை என்றால் ரிப்பிள் உச்சிக்கு உச்சி சுமார் 14 வோல்ட். ஏசி மீட்டரில் 4 வோல்ட் அளவில் தெரியும். அரை அலை என்றால் இரண்டு மடங்கு. பிறகு 1 கிலோஓம் ரெசிஸ்டரும் 50 மைக்ரோஃபாரட் இரண்டாவது கண்டன்சரும் அதை முப்பதில் ஒரு பங்காக வெட்டும், அதாவது 0.1 அல்லது 0.2 வோல்ட்.

இந்த எண்கள் எந்தக் கண்டன்சர் என்று காட்டிக்கொடுக்கும். முதல் கண்டன்சரில் 15, 20 வோல்ட் ஏசி, டிசியும் குறைவு என்றால் முதலாவது காய்ந்துவிட்டது. முதலாவதில் 4 வோல்ட் சரியாக இருந்து, இரண்டாவதில் 1 வோல்ட்டுக்கு மேல் என்றால் இரண்டாவது போய்விட்டது. உறுதிப்படுத்த, செட்டை அணைத்து, சார்ஜ் இறக்கி, நல்ல கண்டன்சர் ஒன்றைச் சந்தேகப்பட்டதன் குறுக்கே கிளிப்பில் மாட்டி மீண்டும் போடுங்கள். ஓடும்போது மாட்டினால் பாயும் கரண்ட் ரெக்டிஃபையரைக் கெடுக்கும். இந்த இணைப்பு சோதனைக்கு மட்டுமே. பழையதை விட்டுவிட்டு மேலே புதியதை நிரந்தரமாகப் பற்றவைக்காதீர்கள், ஏனென்றால் பழையதன் லீக் தொடர்ந்து ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

புதிய கண்டன்சர் போட்ட பிறகு ஹம் குறைவதற்குப் பதிலாகக் கரகரப்பான ரீங்காரமாக மாறினால், அதன் மைனஸ் காலை எங்கே இணைத்தீர்கள் என்று பாருங்கள். முதல் கண்டன்சரின் சார்ஜிங் கரண்ட் துண்டு துண்டாகப் பாயும். அது டிரான்ஸ்ஃபார்மரின் நடுமுனைக்கு நேராகத் திரும்ப வேண்டும். அருகில் கிடைத்த ஏதோ ஒரு சேஸிஸ் டேக்கில் பற்றவைத்தால், அந்தத் துடிப்பு ஆடியோ வால்வின் கிரவுண்டு வழியாகப் போய் ஒலியில் கலந்துவிடும். பழையது எந்தப் புள்ளியில் இருந்ததோ அதே புள்ளி, அதே டேக்.

பழைய எலக்ட்ரோ டைனமிக் ஸ்பீக்கர் உள்ள செட்டில் ஸ்பீக்கரின் ஃபீல்டு காயிலே சோக்காகவும் வேலை செய்யும். வாய்ஸ் காயிலோடு தொடரில் ஹம் எதிர்ப்புக் காயில் ஒன்று இருக்கும். ஸ்பீக்கரைக் கழற்றி மாட்டியபோது அதன் முனைகள் தலைகீழானால் ஹம் இரட்டிப்பாகும்.

வோல்டேஜ் குறைவு, சத்தம் பலவீனம்

250-0-250 டிரான்ஸ்ஃபார்மர், ஈஇசட்80 உள்ள செட்டில் முதல் கண்டன்சரில் 270 முதல் 300 வோல்ட் எதிர்பார்க்கலாம். 200 அளவில் நின்று, ஹம்மும் இருந்தால் முதல் கண்டன்சரின் கொள்ளளவு போய்விட்டது. ஹம் இல்லாமல் வோல்டேஜ் மட்டும் குறைவு என்றால் இரண்டு வாய்ப்புகள்: ரெக்டிஃபையர் தளர்ந்துவிட்டது, அல்லது ஏதோ ஒரு பாகம் அதிகக் கரண்ட் இழுக்கிறது. எது என்று தெரியாமல் ரெக்டிஃபையரை மாற்றக் கூடாது.

அவுட்புட் வால்வின் கேத்தோடு ரெசிஸ்டரைப் பாருங்கள். ஈஎல்84 என்றால் 3ஆம் பின் கேத்தோடு. 250 வோல்ட்டில் 135 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே 7.3 வோல்ட் இருக்க வேண்டும். அப்போது மொத்தக் கரண்ட் 53 மில்லிஆம்பியர் அளவு. 10, 12 வோல்ட் காட்டினால் வால்வு அதிகம் இழுக்கிறது; ரெக்டிஃபையர் மேல் பழி போடாமல் அடுத்த பகுதிக்குப் போங்கள். கரண்ட் சரியாகவே இருந்து, பிளேட்களில் ஏசியும் சமமாக இருந்து, கண்டன்சரும் நல்லது என்று தெரிந்து, வோல்டேஜ் மட்டும் தாழ்ந்தால்தான் ரெக்டிஃபையர் எமிஷன் போனது என்று முடிவு செய்யலாம்.

பதினைந்து நிமிடத்தில் ஒலி உடைகிறது, டிரான்ஸ்ஃபார்மர் கை வைக்க முடியாமல் சுடுகிறது

பவர் சப்ளைப் பழுது போலத் தெரிந்தாலும் வேர் பெரும்பாலும் கப்ளிங் கண்டன்சரில். முன் வால்வின் பிளேட்டிலிருந்து அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் 0.01 முதல் 0.05 மைக்ரோஃபாரட் வரையிலான பேப்பர் கண்டன்சர் அது. டிஜிட்டல் மீட்டரால் ஈஎல்84இன் 2ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே டிசி பாருங்கள். பூஜ்ஜியம் இருக்க வேண்டும். கிரிட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் கிரிட் லீக் ரெசிஸ்டர் 470 கிலோஓம் என்றால் வெறும் 2 மைக்ரோஆம்பியர் லீக்கே கிரிட்டை ஏறக்குறைய 1 வோல்ட் பாசிட்டிவாக்கிவிடும். கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட்டின் நெகட்டிவ் பயாஸ் குறையும், கரண்ட் ஏறும், வால்வு சுடும், டிரான்ஸ்ஃபார்மர் சுடும், கடைசியில் ரெக்டிஃபையர் போகும். மீட்டரின் கொள்ளளவு நிலையில் இந்தக் கண்டன்சர் நல்லதாகவே தெரியும், ஏனென்றால் சில வோல்ட்டில் லீக் வெளிப்படாது.

கிரிட் பக்கக் காலைக் கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். பாசிட்டிவ் வோல்டேஜ் மறைந்தால் கண்டன்சர். மறையாமல், சூடாகச் சூடாக ஏறினால் வால்வுக்குள்ளேயே வாயு கசிந்திருக்கிறது, அல்லது கிரிட் எலக்ட்ரான் உமிழ்கிறது, வால்வை மாற்றுங்கள். கண்டன்சருக்கு அதே மதிப்பில் 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் போடலாம். பேப்பர் கண்டன்சர் உள்ள செட்டில், ஹம் இல்லாவிட்டாலும், இந்த ஒன்றை மட்டும் சோதிக்காமலே மாற்றிவிடுவது எங்கள் வழக்கம். கேத்தோடில் உள்ள 25 அல்லது 50 மைக்ரோஃபாரட் சிறு எலக்ட்ரோலிட்டிக்கையும் கூடவே மாற்றுங்கள், அந்த ரெசிஸ்டரையும் அளந்துவிடுங்கள். நீண்ட நாள் அதிகக் கரண்ட் ஓடிய ரெசிஸ்டர் மதிப்பு மாறியிருக்கும்.

இது எல்லாம் சரியாகியும் டிரான்ஸ்ஃபார்மர் சூடு குறையவில்லை என்றால் மெயின்ஸ் டேப்பை (டிரான்ஸ்ஃபார்மரில் மெயின்ஸ் வோல்டேஜைத் தேர்ந்தெடுக்கும் முனை) பாருங்கள். 220 வோல்ட் டேப்பில் 240 வோல்ட் கொடுத்தால் 6.3 வோல்ட் ஹீட்டர் 6.87 வோல்ட்டில் ஓடும். அது ஒன்பது சதவீதம் மேல், அனுமதியின் விளிம்பு. உயர்ந்த டேப் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

'டப் டப் டப்' என்று சீராக அடிக்கும் சத்தம்

இரண்டாவது ஃபில்டர் கண்டன்சரின் உள் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிட்டது. அவுட்புட் வால்வு இழுக்கும் கரண்டுக்கு ஏற்ப எச்டி ஆடுகிறது, அந்த ஆட்டம் முன் வால்வுக்குத் திரும்பிப் போய் மெதுவான ஆஸிலேஷன் ஆகிறது. நல்ல கண்டன்சரைக் குறுக்கே மாட்டினால் உடனே நிற்கும். முன் வால்வுக்குத் தனியாக டீகப்ளிங் கண்டன்சர் இருந்தால் அதையும் பாருங்கள்.

டயல் விளக்கு எரிகிறது, வால்வுகள் ஒளிர்கின்றன, சத்தமே இல்லை

ரெக்டிஃபையர் கேத்தோடில் டிசி உண்டா? இல்லை என்றால் பிளேட்களில் ஏசி உண்டா? ஏசியும் இல்லை என்றால் எச்டி சுற்று அல்லது அதன் நடுமுனை அறுந்திருக்கிறது. ஏசி இருந்து டிசி இல்லை என்றால் ரெக்டிஃபையர் ஹீட்டர். முதல் கண்டன்சரில் வோல்டேஜ் வழக்கத்தைவிட அதிகமாக இருந்து, இரண்டாவதில் பூஜ்ஜியம் என்றால் சோக், ஃபில்டர் ரெசிஸ்டர் அல்லது ஃபீல்டு காயில் ஓப்பன். ஃபில்டர் ரெசிஸ்டர் கருகியிருந்தால் அதை மாற்றும் முன் இரண்டாவது கண்டன்சரின் ஷார்ட்டைத் தேடுங்கள்.

ஃபீல்டு காயிலுக்குப் பதில் நிரந்தர காந்த ஸ்பீக்கர் போடுவதானால் அந்த இடத்தில் அதே ஓமில் ரெசிஸ்டர் வேண்டும். 1,500 ஓம், 60 மில்லிஆம்பியர் என்றால் 90 வோல்ட் இறங்கும், 5.4 வாட் சூடு. 15 வாட் வயர்வுண்டு போடுங்கள். காயிலின் இண்டக்டன்ஸ் போய்விடுவதால் இரண்டாவது கண்டன்சரை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும்.

சீரிஸ் செட்டில் ஒரு வால்வும் ஒளிரவில்லை

எங்கோ ஒரு ஹீட்டரோ, மிச்ச மெயின்ஸ் வோல்டேஜை இறக்கும் டிராப்பர் ரெசிஸ்டரோ அறுந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி ஒவ்வொரு வால்வையும் கழற்றி ஹீட்டர் பின்களில் ஓம் பாருங்கள். டிராப்பரின் ஒரு பகுதி மட்டும் அறுந்திருந்தால், அந்தப் பகுதிக்குக் குறுக்கே தனி ரெசிஸ்டர் போட்டால் போதும். அதற்குச் சரியான மதிப்பைக் கணக்கிட்டுப் போடுங்கள். யூசிசி85க்கு 26 வோல்ட், யூசிஎச்81க்கும் யூபிஎஃப்89க்கும் தலா 19, யூசிஎல்82க்கு 50, யூஒய்85க்கு 38; மொத்தம் 152. 230 வோல்ட் மெயின்ஸில் மீதி 78 வோல்ட். ஹீட்டர் கரண்ட் 100 மில்லிஆம்பியர். எனவே முழு டிராப்பருக்கு 780 ஓம், 7.8 வாட். 15 வாட்டுக்குக் குறையாமல், எலக்ட்ரோலிட்டிக்கிலிருந்து தள்ளி, காற்று படும்படி வையுங்கள்.

35டபிள்யூ4 உள்ள செட்டில் டயல் விளக்கு ஹீட்டரின் ஒரு பகுதிக்குக் குறுக்கே இருக்கும். விளக்கு போனபின் அப்படியே ஓட்டினால் அந்தப் பகுதியே முழுக் கரண்டையும் சுமந்து வால்வு விரைவில் அறுந்துவிடும். விளக்கை உடனே மாற்றுங்கள்.

அழுகிய நாற்றம்

செலினியம் ரெக்டிஃபையர் எரிகிறது. அந்தப் புகை நச்சு. அணைத்து, ஜன்னலைத் திறந்து, அறையை விட்டு வெளியேறுங்கள். பதிலுக்கு 1என்4007 டயோடு போடலாம். ஆனால் செலினியத்தின் உள் இழப்பு டயோடில் இல்லை, அதனால் எச்டி ஏறிவிடும். 47 முதல் 100 ஓம் வரை, 5 வாட் வயர்வுண்டு ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு, வரைபடத்தில் சொன்ன வோல்டேஜ் வரும்வரை சரிசெய்யுங்கள்.

வால்வு ரெக்டிஃபையருக்குப் பதில் டயோடு போடுவது கடைசி வழியாக இருக்கட்டும். மற்ற வால்வுகள் சூடாகும் முன்னே முழு வோல்டேஜும் வந்து நிற்கும், ஒவ்வொரு பிளேட்டுக்கும் 100 ஓம் அளவில் ரெசிஸ்டர் தேவை. சீரிஸ் செட்டில் யூஒய்85ஐ எடுத்தால் அதன் ஹீட்டருக்குப் பதிலாக 380 ஓம், 10 வாட் போட வேண்டும். முழு அலையில் 300-0-300 செட் என்றால் டயோடின் மேல் எதிர்த்திசை வோல்டேஜ் 850 வரை போகும். 1,000 வோல்ட் டயோடு ஒன்றைவிட இரண்டைத் தொடரில் போடுவது நிம்மதி.

மாற்றும் வேலை

எலக்ட்ரோலிட்டிக்: 8க்கு 10, 16க்கு 15 அல்லது 22, 32க்கு 33, 50க்கு 47 மைக்ரோஃபாரட். 105 டிகிரி வகையாக இருக்கட்டும். பெட்டியில் பயன்படுத்தாமல் கிடந்த பழைய கண்டன்சர் 'புதியது' அல்ல, அதற்கும் அதே வயதுதான். வோல்டேஜுக்கு ஏசியை 1.414ஆல் பெருக்குங்கள்: 250க்கு 353, எனவே 450 வோல்ட் கண்டன்சர் தாராளம். 300க்கு 424, மெயின்ஸ் பத்து சதவீதம் ஏறினால் 466. அங்கே 450 போதாது. 500 வோல்ட் கண்டன்சர் கிடைக்காவிட்டால் 100 மைக்ரோஃபாரட் 350 வோல்ட் இரண்டைத் தொடரில் போட்டு, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 கிலோஓம் 1 வாட் ரெசிஸ்டர் போடுங்கள். சேர்ந்து 50 மைக்ரோஃபாரட், 700 வோல்ட். கண்டன்சர்கள் எடுக்கும் உயரமும் சேஸிஸ் அடியில் உள்ள இடமும் பார்த்து இதை முடிவு செய்யுங்கள்.

பழைய அலுமினிய கேனில் இரண்டு மூன்று பகுதிகள் சேர்ந்திருக்கும்; அடியில் முக்கோணம், சதுரம், அரைவட்டம் என்று துளைக் குறி எந்தக் கால் எந்த மதிப்பு என்று சொல்லும். கேனை மேலே அழகுக்கு அப்படியே விட்டு, கால்களிலிருந்து எல்லாக் கம்பிகளையும் கழற்றி, சேஸிஸ் அடியில் டேக் ஸ்ட்ரிப் போட்டுப் புதியவற்றை நிறுத்துவது எளிது. கேனின் கால்களையே இணைப்புப் புள்ளியாக வைத்துக்கொண்டால் பழைய லீக்கும் கூடவே வந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: கேனுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஃபைபர் வாஷர் இருக்கிறதா? இருந்தால் எச்டி மைனஸ் சேஸிஸில் இல்லை. நடுமுனையிலிருந்து 50 முதல் 200 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சேஸிஸுக்கு வந்து, அந்த ரெசிஸ்டரில் இறங்கும் வோல்டேஜ் அவுட்புட் வால்வுக்கு நெகட்டிவ் பயாஸாகப் போகிறது. புதிய கண்டன்சரின் மைனஸைச் சேஸிஸில் பற்றவைத்தால், ரிப்பிள் கரண்ட் அந்த பயாஸ் ரெசிஸ்டர் வழியாகப் பாய்ந்து நேராகக் கிரிட்டில் ஏறும். எல்லாம் புதிதாக மாற்றியும் ஹம் போகவில்லை என்று சொல்லப்படும் செட்டுகளில் இது அடிக்கடி தென்படுகிறது. பழையதன் மைனஸ் எங்கே போனது என்று கழற்றும் முன்பே எழுதி வையுங்கள்.

மெயின்ஸின் குறுக்கே உள்ள கண்டன்சருக்கு எக்ஸ்2 வகை. மெயின்ஸிலிருந்து சேஸிஸுக்குப் போவதற்கு ஒய்2 வகை. சாதாரண 630 வோல்ட் ஃபிலிம் இந்த இடத்துக்கு ஆகாது. ஒய் வகை பழுதாகும்போது ஷார்ட் ஆகாதபடி தயாரிக்கப்படுகிறது. சேஸிஸைத் தொடுபவரின் உயிர் அதை நம்பியிருக்கிறது.

சேஸிஸ் டேக்கில் பற்றவைக்க 60 வாட் அயர்ன் வேண்டும். சிறிய அயர்னில் ஈயம் ஒட்டியது போல் தெரிந்து, சில வாரத்தில் விட்டுவிடும். பிளஸ், மைனஸ் இரண்டு முறை பாருங்கள். ஒவ்வொரு காலிலும் ஸ்லீவ் போடுங்கள்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது சீரிஸ் பல்போடு போடுங்கள். வேரியாக்கில் மெதுவாக ஏற்றுவதால் வால்வு ரெக்டிஃபையர் செட்டில் பெரிய பயன் இல்லை. ஹீட்டர் போதிய சூடு பெறும்வரை எச்டியே வராது, வரும்போது ஒரேயடியாக வரும். பல்பு மங்கியதும் அதை எடுத்துவிட்டு நேரடியாகப் போட்டு, முதல் கண்டன்சர், இரண்டாவது கண்டன்சர், அவுட்புட் கேத்தோடு, அவுட்புட் கிரிட், ஹீட்டர் என்று ஐந்து வோல்டேஜையும் எழுதுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். மெயின்ஸ் வோல்டேஜ் மாறாதபோது எச்டி பத்து வோல்ட்டுக்கு மேல் சரிந்திருந்தால் கேத்தோடு வோல்டேஜ் ஏறியிருக்கும். கப்ளிங் கண்டன்சர் பகுதிக்குத் திரும்புங்கள். செட்டை அணைத்துச் சார்ஜ் இறக்கியபின் புதிய எலக்ட்ரோலிட்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். சுற்றிலும் உள்ள சூட்டைவிட அது தனியாகச் சுட்டால் போலாரிட்டியோ ரிப்பிளோ தவறு.

ஃபியூஸ் இல்லாத செட்டானால் லைவ் கம்பியில் சுவிட்சுக்கு முன்னால் ஒன்று சேருங்கள். 50 வாட் இழுக்கும் செட் 230 வோல்ட்டில் 0.2 ஆம்பியர் எடுக்கும். 500 மில்லிஆம்பியர், மெதுவாக எரியும் வகை போதும். சேஸிஸில் மெயின்ஸ் உள்ள செட்டை மூடும்போது பின் அட்டையைக் கட்டாயம் மாட்டுங்கள், நாப்களின் திருகு துளைகளை மெழுகால் மறுபடி அடையுங்கள். அந்தத் திருகு சேஸிஸோடு தொடர்பில் இருக்கிறது.